கேட்ட கேள்விக்கே பதில்

2008 செப்டம்பரில் சீனாவில் வெடித்த பால்மா விவகாரம் உலகெங்கும் உள்ள உணவுப் பரிசோதனைக் கூடங்களை உலுக்கியது. ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் மெலமின் கலந்திருந்தது தெரியவந்தது. பிறகு வேறு பல நிறுவனங்களின் பால்மாவிலும் அது இருந்தது வெளிப்பட்டது. சீன அரசின் கணக்குப்படி ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலானோருக்குச் சிறுநீரகக் கல். தட்டுகளும் மேசைப் பலகைகளும் செய்யும் பிசினுக்கு மூலப்பொருளான ஒரு வெள்ளைத் தூள், கைக்குழந்தையின் பால் புட்டிக்குள் எப்படிப் போனது?

பரிசோதனையைத் தப்பி அது போகவில்லை. பரிசோதனையில் தேறுவதற்காகவே அதைக் கலந்தார்கள். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருந்தது. அந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிந்த யாரோ, அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைத்தார்கள். வேதிப் பகுப்பாய்வைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினோராம் வகுப்பு வேதியியலில் ஜெல்டால் முறை வருகிறது. பலரும் சூத்திரத்தை மனப்பாடம் செய்து கடந்துவிடுவார்கள். யோஹான் ஜெல்டால் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை நிறுவிய ஆய்வகத்தில் பணியாற்றியவர். பீர் காய்ச்சப் பயன்படும் பார்லியில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான வெவ்வேறு மூலக்கூறுகளின் குடும்பப் பெயர். அத்தனையையும் தனித்தனியே அளக்க அன்று வழியே கிடையாது. ஆனால் எல்லாப் புரதங்களிலும் நைட்ரஜன் உண்டு. எடையில் சுமார் 16 சதவீதம். ஸ்டார்ச்சிலும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது. ஆகவே நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் (100ஐ 16ஆல் வகுத்தால் வருவது) புரத அளவு கிடைத்துவிடும். பாலுக்கு அந்தப் பெருக்கெண் 6.38.

1883இல் ஜெல்டால் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையில் அப்படியே இருக்கிறது. எடைபோட்ட பொருளை அடர் சல்பியூரிக் அமிலத்தில் கொதிக்க வைக்க வேண்டும். கரிமப் பொருள் முழுக்கச் சிதைந்து, அதிலிருந்த நைட்ரஜன் அம்மோனியம் சல்பேட்டாக மாறும். கொதிநிலையை உயர்த்தப் பொட்டாசியம் சல்பேட்டும், வினையை விரைவுபடுத்தத் தாமிர சல்பேட்டும் சேர்ப்பதுண்டு. பிறகு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் அம்மோனியா வாயு வெளியேறும். அதை அளவு தெரிந்த அமிலத்துக்குள் செலுத்தி, நடுநிலையாகாமல் மீந்த அமிலம் எவ்வளவு என்று தரம் பார்த்தால், வந்த அம்மோனியா எவ்வளவு என்பது கணக்கில் விழும். மலிவான முறை, உறுதியான முறை. நூறாண்டுக்கு மேலாகக் கோதுமையையும் பாலையும் கால்நடைத் தீவனத்தையும் உலகம் இதை வைத்தே விலை பேசியது.

மெலமினின் வாய்பாடு சி3 எச்6 என்6. மூலக்கூறு நிறை 126. அதில் நைட்ரஜன் மட்டும் 84. மூன்றில் இரண்டு பங்கு! கொதிக்கும் அமிலத்தில் அதன் வளையம் உடைந்து அந்த நைட்ரஜனும் அம்மோனியாவாக வந்துவிடும். ஜெல்டால் முறையில் 1 கிராம் மெலமின் 4.25 கிராம் பால் புரதமாகத் தோன்றும். நாவுக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

சோதனை தவறான எண்ணைத் தந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘இதில் நைட்ரஜன் எவ்வளவு?’ என்று கேட்டார்கள். அதற்குச் சரியான பதிலே வந்தது. ‘புரதம் எவ்வளவு?’ என்று கேட்டதாக மனிதர்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு கேள்விகளும் ஒன்றாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பாலில் உள்ள நைட்ரஜன் எல்லாம் புரதத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். பெருக்கெண்ணுக்குள் ஒளிந்திருந்த அந்த நிபந்தனையைச் சோதிக்க யாரும் ஒரு படி கூடுதலாகச் செய்யவில்லை. செய்திருக்கலாம், அது கடினமும் அல்ல. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் பாலில் உள்ள புரதம் திரிந்து வீழ்படியும். மெலமின் போன்ற சிறிய மூலக்கூறுகள் கரைசலிலேயே தங்கிவிடும். வடிகட்டி, வீழ்படிவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளந்தால் உண்மையான புரதம் தெரிந்துவிடும்.

பள்ளி ஆய்வகத்தில் செய்யும் உப்புப் பகுப்பாய்வும் இதே பாடத்தைத்தான் சிறிய அளவில் நடத்துகிறது. சல்பேட் இருக்கிறதா என்று பார்க்கப் பேரியம் குளோரைடு சேர்க்கிறோம். வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்பேட் என்று எழுதுகிறோம். ஆனால் செய்முறைக் குறிப்பில் அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கும்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் குமிழ்கள் அடங்கும்வரை பொறுக்கவும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வரிதான். பேரியம் குளோரைடு கார்பனேட்டுடனும் வெள்ளையாக வீழ்படியும், சல்பைட்டுடனும் வீழ்படியும். நீங்கள் கையில் வைத்திருப்பது சோடியம் கார்பனேட் சாறு என்றால், அதில் கார்பனேட் தளும்பிக்கொண்டிருக்கிறது. அமிலம் சேர்க்காமல் பேரியம் குளோரைடை ஊற்றினால் எந்த உப்புக்கும் வெள்ளை வரும். அமிலம் முதலில் கார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக்கி வெளியேற்றுகிறது. பேரியம் சல்பேட் மட்டும் அமிலத்தில் கரையாது. இப்போதுதான் கேள்வி கூர்மையாகிறது.

அடுத்த சோதனையில் வெள்ளி நைட்ரேட் ஊற்றிக் குளோரைடு தேடுகிறோம். அங்கேயும் முன்னதாக அமிலம் சேர்க்க வேண்டும். எந்த அமிலம்? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் குளோரைடை நாமே கொண்டுவந்து போட்டவர்களாவோம். அதனால்தான் நைட்ரிக் அமிலம். இந்தக் காரணத்தை அறியாமல் இரண்டு அமிலத்தையும் அட்டவணைப்படி ஊற்றுகிறவருக்கும், அறிந்து ஊற்றுகிறவருக்கும் மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். குப்பியில் சீட்டு மாறி ஒட்டியிருக்கும் நாளில் வித்தியாசம் தெரியும்.

ஐயம் வந்தால் செய்வதற்கு ஒரு எளிய வழி உண்டு: வெற்றுச் சோதனை. உப்பை விட்டுவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அதே வினைப்பொருள்களை அதே வரிசையில் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் கலங்கல் வந்தால் குற்றம் உப்பில் இல்லை. பெரிய ஆய்வகங்களில் ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் ஒரு வெற்று மாதிரி கட்டாயம் ஓடும். பள்ளியில் இதை வழக்கமாக்கினால் நன்றாக இருக்கும். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு சோதனைக் குழாய் மட்டுமே.

நேரயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும் முறை, என்னைப் பொறுத்தவரை, பள்ளி வேதியியலில் உள்ள மிக அழகான சிந்தனை. கண்ணளவில் படிப்படியாகச் சிறுத்துப்போகும் சல்லடைகளை அடுக்கி வைத்ததுபோல் அது இயங்குகிறது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: காரீயம் குளோரைடாக விழும். பிறகு அதே அமிலச் சூழலில் ஹைட்ரஜன் சல்பைடு: தாமிரம் கறுப்பு சல்பைடாக விழும். துத்தநாகமும் மாங்கனீசும் சல்பைடாக விழக்கூடியவையே, ஆனால் இப்போது விழாது. ஹைட்ரஜன் சல்பைடு தானே ஒரு மெலிந்த அமிலம். கரைசலில் ஏற்கெனவே ஹைட்ரஜன் அயனிகள் நிறைய இருந்தால் அது பிரிகையடைவது அடக்கப்படும். சல்பைடு அயனியின் செறிவு மிகமிகக் குறைந்துவிடும். கரைதிறன் பெருக்கம் மிகச் சிறியதாக உள்ள தாமிர சல்பைடுக்கு அந்தச் சொற்ப சல்பைடே போதும். துத்தநாகத்துக்குப் போதாது. அது நான்காம் தொகுதிவரை காத்திருக்கும். அங்கே கரைசலைக் காரமாக்கியபின் அதே வாயுவைச் செலுத்தினால் வெள்ளையாக விழும். ஒரே வினைப்பொருள், ஆனால் கரைசலின் அமிலத்தன்மையை மாற்றியதால் இரண்டு வெவ்வேறு கேள்விகள்.

நடுவில் உள்ள மூன்றாம் தொகுதியைக் கொஞ்சம் எண்ணோடு பார்க்கலாம். அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அலுமினியத்தையும் இரும்பையும் ஹைட்ராக்சைடுகளாக வீழ்த்த வேண்டும். மக்னீசியம் விழக்கூடாது, அது ஆறாம் தொகுதிக்குரியது. 0.1 மோலார் அம்மோனியா மட்டும் இருந்தால் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனி லிட்டருக்குச் சுமார் 0.0013 மோல் இருக்கும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு விழ இது தாராளம். அதில் அம்மோனியம் குளோரைடு 1 மோலார் அளவுக்குச் சேர்ந்தால் பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அயனி எழுநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இப்போது மக்னீசியம் விழாது. அலுமினியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கமோ அவ்வளவு நுண்ணியது என்பதால் தயங்காமல் விழும். ஆசிரியர்கள் ‘முதலில் அம்மோனியம் குளோரைடு, அப்புறம்தான் ஹைட்ராக்சைடு’ என்று தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். அந்த வெள்ளைத் தூளை ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டவர் மக்னீசியத்தை அலுமினியம் என்று எழுத நேரும்.

என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி. தரம் பார்த்தல், மாணவர் வழக்கில் டைட்ரேஷன், இதற்கான பழம்பெரும் கருவி. ஆக்சாலிக் அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் எல்லோருக்கும் பழக்கமான இணை. இதில் ஒவ்வொரு சடங்குக்கும் காரணம் உண்டு, அதைக் கேட்டறிந்தால் சடங்கு சலிக்காது.

திட்டக் கரைசலை ஏன் ஆக்சாலிக் அமிலத்தில் தயாரிக்கிறோம்? அது தூய படிகமாகக் கிடைக்கிறது. காற்றில் எளிதில் மாறாது. தராசில் நிறுத்த நிறையை நம்பலாம். சமான நிறை 63, ஆகவே லிட்டருக்கு 6.3 கிராம் கரைத்தால் 0.1 நார்மல். பெர்மாங்கனேட்டை அப்படி நம்ப முடியாது. அதில் சிறிதளவு மாங்கனீசு டை ஆக்சைடு கலந்தேயிருக்கும். கரைசலும் வெளிச்சத்தில் மெல்லச் சிதையும். சோடியம் ஹைட்ராக்சைடோ தராசில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வாங்கிக்கொண்டு எடை கூடும். எனவே இவற்றைத் தோராயமாகக் கரைத்துவிட்டு, நம்பத்தக்க கரைசலுக்கு எதிராகத் தரம் பார்த்தே அவற்றின் திறனை அறிய வேண்டும்.

அமிலச் சூழலுக்கு நீர்த்த சல்பியூரிக் அமிலம் ஏன்? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் பெர்மாங்கனேட் அதைக் குளோரினாக்குவதிலும் செலவாகும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. பெர்மாங்கனேட்டின் வேலையில் அது பங்கு கேட்கும். கூம்புக் குடுவையை 60 முதல் 70 டிகிரிவரை சூடாக்குவது, இந்த வினை குளிரில் மந்தமாக நடப்பதால். மிகையாகச் சூடாக்கினால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். முதல் சில துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும், அப்புறம் சட்டென்று வேகமெடுக்கும். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாவதால் வரும் மாற்றம் இது. முதல் துளிகளில் பொறுமையிழந்து பியூரெட்டைத் திறந்துவிட்டவர்கள் பழுப்புக் கலங்கலைப் பார்த்திருப்பார்கள்: மாங்கனீசு டை ஆக்சைடு. அந்த முயற்சியைக் கைவிட்டு மறுபடி தொடங்குவதே சரி.

பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் கரைசலாலும், பிப்பெட்டை அதனால் எடுக்கப்போகும் கரைசலாலும் அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் நீரால் அலசினால் போதும். கரைசலால் அலசவே கூடாது. பிப்பெட்டில் எடுத்த 20 மில்லி லிட்டருக்குள் எத்தனை மோல் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது என்பதே கணக்கு. குடுவையில் நீர் கொஞ்சம் தங்கியிருந்தாலும் மோல் எண்ணிக்கை மாறாது. ஆக்சாலிக் கரைசல் ஒரு துளி தங்கியிருந்தால் மாறிவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குப் பருமனறி பகுப்பாய்வின் உயிர்நாடி புரிந்துவிட்டது.

20 மில்லி லிட்டர் ஆக்சாலிக் அமிலத்துக்கு 19.6 மில்லி லிட்டர் பெர்மாங்கனேட் செலவானதாக வைத்துக்கொள்வோம். திறன் 0.102 நார்மல். இதை 0.10204081 என்று கணிப்பான் காட்டியதை அப்படியே எழுதுவதைத் தேர்வுத்தாள்களில் பார்க்கலாம். பியூரெட்டின் கோடுகள் 0.1 மில்லி லிட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு துளியின் பருமன் சுமார் 0.05 மில்லி லிட்டர். இருபதில் அது கால் சதவீதம். அதற்குக் கீழே எழுதப்படும் இலக்கங்கள் ஆய்வகத்தில் பிறந்தவை அல்ல, கணிப்பானில் பிறந்தவை. எத்தனை இலக்கம் எழுதுகிறோமோ அத்தனைக்கும் நாம் பொறுப்பேற்கிறோம்.

மூன்று முறை செய்து மூன்றும் ஒத்துவந்தால் விடை சரி என்ற நம்பிக்கை நம் ஆய்வகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒத்துவருவது கை நிதானத்துக்கு மட்டுமே சான்று. ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. 63 என்ற சமான நிறை அந்த நீரையும் சேர்த்தது. நீரிழந்த அமிலத்துக்கு அது 45. வெப்பமான, வறண்ட அலமாரியில் நெடுநாள் கிடந்து படிகம் கொஞ்சம் நீரை இழந்திருந்தால், 6.3 கிராமில் இருக்க வேண்டியதைவிட அதிக அமிலம் இருக்கும். பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும். அதன் திறன் குறைவென்று கணக்கு சொல்லும். மூன்று முறை அல்ல, முப்பது முறை செய்தாலும் எண் அசையாது. முப்பதும் ஒரே பக்கமாகப் பிழைத்திருக்கும். இத்தகைய முறைசார் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பிடிக்க முடியாது. வேறொரு வழியில் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான் அகப்படும்.

வேறு வழியில் கேட்டதால் ஒரு தனிமமே அகப்பட்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ராலே பிரபு 1892இல் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். ஒருமுறை காற்றிலிருந்து, செஞ்சூடான தாமிரத்தின் மேல் செலுத்தி ஆக்சிஜனை நீக்கி, நைட்ரஜன் எடுத்தார். இன்னொரு முறை காற்றை அம்மோனியாவுக்குள் செலுத்திப் பிறகு தாமிரத்தின் மேல் விட்டார். இதில் வந்த நைட்ரஜன் பகுதி அம்மோனியாவிலிருந்து, பகுதி காற்றிலிருந்து. இரண்டாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு இலேசாக இருந்தது. அளவு மிகச் சிறியது. சராசரி எடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ராலே செய்தது அதற்கு நேர்மாறு. வேறுபாட்டைப் பெரிதாக்க முயன்றார். காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தினார். இப்போது நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வந்தது. வேறுபாடு இருநூறில் ஒரு பங்காக வளர்ந்தது. அவருடைய கண்ணாடிக் கோளத்தை நிரப்பிய காற்று நைட்ரஜனின் எடை 2.3102 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 2.2990 கிராம். வெவ்வேறு சேர்மங்களிலிருந்து எடுத்தாலும் இலேசானது இலேசாகவே இருந்தது. வெவ்வேறு வழிகளில் காற்றிலிருந்து எடுத்தாலும் கனமானது கனமாகவே இருந்தது. நைட்ரஜன் என்று எல்லோரும் அழைத்துவந்தது ஆக்சிஜன் போக மீந்ததைத்தான். அதில் நைட்ரஜன் மட்டுமே இருக்கிறது என்பது சோதிக்கப்படாத நிபந்தனை. வேதியியலர் வில்லியம் ராம்சே, காற்று நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி, நைட்ரஜனை எல்லாம் உறிஞ்ச வைத்தார். எஞ்சிய வாயுவின் நிறமாலையில் அதுவரை அறியப்படாத கோடுகள் இருந்தன. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியலாளர் கூட்டத்தில் இருவரும் அறிவித்த அந்த வாயு ஆர்கான். நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டத்தட்ட 1 சதவீதம் இருந்தும் எந்த வினைப்பொருளின் கேள்விக்கும் அது பதில் சொன்னதில்லை. தராசு மட்டும் அதைக் கவனித்தது. நான்காம் இலக்கம்வரை நிறுத்தெழுதிய ஒருவரிடம் மட்டுமே இது நடந்திருக்க முடியும்.

கருவிகள் வந்தபின் இந்தத் தொல்லைகள் தீர்ந்துவிட்டன என்று நினைக்கத் தோன்றும். மெலமினை இன்று திரவ வண்ணப்பிரிகைக் கருவியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்து பிடித்துவிடுகின்றன. வண்ணப்பிரிகை முறையின் மூலவர் ரஷ்யத் தாவரவியலர் மிகயீல் ட்ஸ்வெட். இலையின் நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரம்பிய குழாய் வழியே வடியவிட்டு, பச்சை, மஞ்சள் வளையங்களாகப் பிரித்துக்காட்டியவர். அளப்பதற்கு முன் பிரித்துவிடு என்பதே அதன் சாரம். பால்மா விவகாரத்துக்குப் பிறகு 2010இல், உணவுக்கான சர்வதேசத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு குழந்தைப் பால்மாவுக்கு வகுத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 1 மில்லி கிராம். பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தனியே பிரித்துக் காணும் கருவி இல்லாமல் அப்படி ஒரு வரம்பை எழுதவே முடிந்திருக்காது. ஆனாலும் கருவியும் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. நம் ஊர்த் தண்ணீரை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறையில் தொடங்கி, நாள்பட்டால் எலும்புகளையே இறுக வைக்கும் நோய் அதனால் வருகிறது. காவிரி நீரை அங்கே கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. அடிநிலப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு நீரில் இறங்குகிறது. எவ்வளவு இறங்கலாம் என்பதை, நாம் மேலே பார்த்த கரைதிறன் பெருக்கமே பெரிதும் நிர்ணயிக்கிறது. நீரில் கால்சியம் லிட்டருக்கு 40 மில்லி கிராம் இருந்தால், புளோரைடு ஏறத்தாழ மூன்றரை மில்லி கிராமைத் தாண்டும்போது கால்சியம் புளோரைடாக வீழ்படியத் தொடங்கும். கால்சியம் 4 மில்லி கிராம் மட்டுமே என்றால் புளோரைடு 11 மில்லி கிராம்வரை கரைந்திருக்க இடமுண்டு. ஆகவே நாக்குக்கு மென்மையாகத் தெரியும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அங்கே முடிவுகட்ட முடியாது. புளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. அளந்தே தீர வேண்டும்.

அளக்கும் கருவிகளுள் சிறந்தது லாந்தனம் புளோரைடு படிகம் பொருத்திய மின்முனை. 1966இல் ஃப்ரான்டும் ராஸும் அமெரிக்காவில் உருவாக்கியது. நீரில் அமிழ்த்தினால் புளோரைடு அயனியின் அளவுக்கேற்ப மின்னழுத்தம் காட்டும். அது கேட்கும் கேள்வி: தனித்து உலவும் புளோரைடு அயனி எவ்வளவு? நீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் புளோரைடில் ஒரு பகுதி அவற்றோடு பிணைந்து கிடக்கும். மின்முனைக்கு அது தெரியாது. நீர் அமிலமாக இருந்தால் ஒரு பகுதி ஹைட்ரஜன் புளோரைடாகிவிடும், அதுவும் தெரியாது. நீர் மிகுந்த காரமாக இருந்தால் ஹைட்ராக்சைடு அயனியையே மின்முனை புளோரைடென்று எண்ணிவிடும். குடிக்கும் குழந்தைக்கு இந்த வேறுபாடெல்லாம் இல்லை. பிணைந்ததும் பிணையாததும் ஒரே வயிற்றுக்குள்தான் போகின்றன. அதனால் அளப்பதற்கு முன் மாதிரியோடு ஒரு தாங்கல் கரைசல் கலப்பார்கள். அது அமிலத்தன்மையை 5 முதல் 5.5 வரையிலான பி.எச். அளவில் நிறுத்தும். அலுமினியத்தையும் இரும்பையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு புளோரைடை விடுவிக்கும். எல்லா மாதிரிகளிலும் மொத்த அயனிச் செறிவை ஒரே அளவில் வைக்கும். ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தலில் சல்பியூரிக் அமிலம் செய்த வேலையின் உறவுதான் இது. அளவுதிருத்தத்துக்கான திட்டக் கரைசல்களிலும் இதே தாங்கலைக் கலந்தாக வேண்டும்.

இதற்கும் முந்திய ஒரு படி ஆய்வகத்துக்கு வெளியே நடக்கிறது. கைப்பம்பில் இரவு முழுக்கத் தேங்கிய நீரை முதல் அடியிலேயே பிடித்தால், அது குழாயின் நீர். கொஞ்ச நேரம் இறைத்தபின் வருவதே நிலத்தின் நீர். மழைக்குப் பின்னும் கோடையிலும் அளவு வேறுபடும். புளோரைடுக்கான மாதிரியைப் பாலிஎத்திலீன் பாட்டிலில் எடுக்க வேண்டும். பாட்டிலின் மேல் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதப்படவில்லையென்றால் எத்தனை லட்சம் ரூபாய்க் கருவியும் அதைக் காப்பாற்றாது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் புளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லி கிராம்; வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை அனுமதி. மின்முனையில் அளவு பத்து மடங்கு மாறும்போது மின்னழுத்தம் 59 மில்லி வோல்ட் மாறும். கணக்கிட்டுப் பார்த்தால், வாசிப்பில் 1 மில்லி வோல்ட் பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும். 2 மில்லி வோல்ட் என்றால் 8 சதவீதம். ஒரு கிணற்றுக்கு 1.45 என்று விடை வருகிறது. 8 சதவீதப் பிழைக்கு இடமிருந்தால் உண்மை 1.33 முதல் 1.57 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அறிக்கையில் 1.45 என்று மட்டும் எழுதினால் அந்தக் கிணற்றுக்கு ‘அனுமதி எல்லைக்குள்’ என்ற முத்திரை விழும். ஊர் அதையே குடிக்கும். 1.45, கூட்டல் கழித்தல் 0.12 என்று எழுதினால், அதைப் படிக்கும் பொறியாளர் இன்னொரு மாதிரி கேட்பார், கோடையிலும் ஒருமுறை எடுக்கச் சொல்வார், வேறு முறையிலும் சோதிக்கச் சொல்வார். பகுப்பாய்வாளரின் பணி அந்தக் கூட்டல் கழித்தலையும் எழுதிக் கையெழுத்திடும்போதுதான் முடிகிறது.